என் வீட்டுக்காரர் அவருடைய கதையில் என்னைக் கொல்லப் போவது தொடர்பாக

புதூர்நாடு,
ஐப்பசி மழைக்கு நடுவிலிருந்து.

‘முற்றுப்புள்ளி’ மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர், வாணியம்பாடி அதாவுல்லா அய்யா அவர்களின் மேலான பார்வைக்கு, மலைமேலிருந்து ஜீப் டிரைவர் சிங்காரத்தின் மனைவி நதியா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும், வீட்டில் அம்மாவும், பிள்ளைகளும், அச்சாபீசில் இருக்கிற எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் ஆடுகளும் நலம். மழை நல்ல மழை. சாமை முற்றி அறுப்புக்கு நிற்கிறது. கடவுள் புண்ணியத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உங்களால் வந்த ஒன்றைத் தவிர.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரையும் நினைவிருக்காது. போன ஆடியில் அவர் உங்களுக்கு ஒரு கதை அனுப்பினார். நீங்கள் அதைத் திருப்பி அனுப்பினீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் உங்களுக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அதன் தலையில் ‘நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுங்கள்’ என்று ஒரு வரி எழுதினீர்கள். அய்யா, நீங்கள் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது, ‘இருங்க, சாப்ட்டுப் போலாம்’ என்று வாய் வார்த்தைக்குச் சொல்வோமே, அதுபோலச் சொல்லியிருப்பீர்கள். இவர் இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரர் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். நல்ல டிரைவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் மலையேற்றுவார் என்று ஊரில் பெயர். வாசிக்கிற பழக்கம் எல்லாம் கிடையாது, கல்யாணப் பத்திரிகையைக்கூட நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கியிருக்கிறார். போண்டாவை மடித்துக் கொடுத்த தாள் உங்கள் இதழின் தாள். அதில் ஒரு கதை, அதிலும் பாதிதான். ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள், அதோடு தாள் கிழிந்துவிட்டது. மீதி எங்கே என்று போண்டாக்காரரைப் போய்க் கேட்டிருக்கிறார். மீதியில் வேறு யாருக்கோ வடை மடித்தாகிவிட்டது. அன்றைக்கெல்லாம் மனுஷன் ஆளே சரியில்லை. வீட்டுக்கு வந்து, “அந்தப் பொண்ணு எங்க போயிருப்பா நதியா?” என்றார். எந்தப் பொண்ணு என்று நான் கேட்ட கேள்வியிலேயே வீட்டில் பாதி அமைதி போய்விட்டது. மீதி, அவராகவே அந்தக் கதையை முடித்து எழுதி உங்களுக்கு அனுப்பியதில் போனது. நீங்கள் தொடரச் சொன்னீர்கள். தொடர்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் ஜீப் நிரம்பும்வரை, “புதூர்நாடு, புதூர்நாடு” என்று கூவி ஆள் சேர்ப்பார். இப்போது ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஆள் வந்து ஏறி, இடம் நிரம்பி, மூட்டை ஏறி, கோழி ஏறினாலும் வண்டி நகராது. எங்கள் பக்கத்து வீட்டு ராணியம்மாள் புளி விற்கச் சந்தைக்குப் போய்வருகிறவர், வாய் கொஞ்சம் நீளம். “இன்னா சிங்காரம், வண்டி எடுக்கல?” என்று கேட்டதற்கு, “பாரா முடியட்டும்க்கா” என்று சொல்லியிருக்கிறார். பாரா என்றால் யாரோ பயணி, இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்து அந்தம்மா எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்.

எழுதினதோடு போகவில்லை. எழுதினதை யாராவது கேட்க வேண்டுமே. நான் கேட்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆடுகள் எழுந்து போய்விடும். ஜீப்பில் ஏறினவர்கள் எங்கே போவார்கள்? மலைப்பாதையில் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவா முடியும்? அடிவாரத்தில் வண்டி எடுத்ததும் தொடங்கினால், கொண்டை ஊசி வளைவுகளில் கதையும் சேர்ந்து வளைந்து, மேலே வந்துதான் நிற்கும். கதாநாயகியின் கூந்தலை வர்ணிக்கிற இடத்தில் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, “இவ்ளோ நீளம்” என்று காட்டியிருக்கிறார். பக்கத்தில் பள்ளம். ராணியம்மாள் போட்ட சத்தம் செங்கத்துக்கே கேட்டிருக்கும்: “யோவ், மொதல்ல வண்டியப் புடி! அவ கூந்தல அவ பாத்துக்குவா!”

பயந்தவர்கள் எல்லாம் இதே பாதையில் ஓட்டுகிற மணிவேல் ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். அப்பாடா, இனி புத்தி வரும் என்று நான் நினைத்தேன். ஆனால் மாறினவர்கள் அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள், கூடவே மணிவேல் வண்டி ஆட்களையும் கூட்டிக்கொண்டு. அப்புறம் இன்னா ஆச்சுன்னு தெரியாமல் அவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லையாம். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொருவர் இறங்குகிற இடம் வரும்போதும் பார்த்து, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது, யாரோ பின்னால் நின்றார்கள் என்று ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ஆடு வாங்கி விற்கிற கருப்பன், கையில் ஆட்டுக்குட்டியோடு தன் ஊரில் இறங்காமல் கதை முடிகிற இடம் வரை வந்துவிட்டு, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப நடந்தே போயிருக்கிறார். வண்டியில் வராதவர்களுக்கு யாரோ போனில் பதிந்து அனுப்புகிறார்களாம். சிக்னல் கிடைக்கிற மேட்டில் சாயங்காலமானால் ஒரு கூட்டம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், குழாயடிக்குப் போனால் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்பதுதான். ஒருநாள் ராணியம்மாளே கேட்டுவிட்டார்: “ஏன் நதியா, கட்டின புருஷனுக்கு யாராவது தீஞ்ச களியப் போடுவாங்களா?” வீட்டுக்கு வந்த கருப்பன், தண்ணீர் கொடுத்தால், “தாகமில்லம்மா” என்று சொம்பையே முறைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் திருப்பத்தூர் போய், தூறலுக்குப் போடுவதுபோல முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்பலகையில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தேன்.

அய்யா, அங்கேதான் என் கதையை முதன்முதலில் கேட்டேன். கதாநாயகன் பூபதி, ஜீப் டிரைவர், தங்கமான மனுஷன். கதாநாயகி காவியா, மலைக்கு வேலைக்கு வந்திருக்கிற டீச்சர், மோவாயில் மச்சம். பூபதிக்கு ஒரு மனைவி. வாயைத் திறந்தால் மூடாதவள், களியைத் தீய்ப்பவள், ஆட்டை அடிப்பவள். அவள் பெயர் மதியா. பெயரை மாற்றிவிட்டாராம்! ஒரே ஒரு எழுத்தை மாற்றுவதற்கு எவ்வளவு யோசித்தாரோ. வண்டி முழுக்க மதியாவைக் கரித்துக் கொட்டுகிறது. “அந்தப் பொம்பள செத்தாத்தான் கதைக்கு ஒரு வழி பொறக்கும்” என்கிறார் கருப்பன். முன்னாலிருந்து என் வீட்டுக்காரர், தாலி கட்டினவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்: “வர்ற வெள்ளிக்கிழம பாம்பு கடிக்குது.” வண்டியே நிம்மதியாக மூச்சு விட்டது. நான் முந்தானையை இறக்கினேன்.

“எந்தப் பாம்பு?” என்றேன்.

அவர் போட்ட பிரேக்கில் ராணியம்மாள் கருப்பன் மடியிலும், கருப்பனின் ஆடு என் மடியிலும் வந்து விழுந்தன.

வீட்டில் நடந்ததை விரிவாக எழுத விரும்பவில்லை, உங்கள் இதழில் பக்கம் போதாது. “அது கத. நீ வேற, மதியா வேற” என்றார். “பொங்கலுக்கு ஒரு தபா களி தீஞ்சதும் கதயா?” என்றேன். “அது கற்பன.” “மோவாயில மச்சம்?” “அதுவும் கற்பன.” நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர்களைப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் நர்சுகளைப் பார்த்தேன், சந்தையில் நின்று வருகிற போகிற பெண்களையெல்லாம் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க யார் முகத்திலும் மோவாயைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கடைசியில் புதூர்நாடு வட்டாரத்திலேயே மோவாயில் மச்சம் இருக்கிறது ஒரே ஒருவருக்குத்தான் என்று கண்டுபிடித்தேன். மணிவேலுக்கு. அந்த மனுஷன் என் முறைப்பைப் பார்த்து இப்போதும் என் பக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. என் சாவுக்கு நான் போகாமல் யார் போவது? முன்னாடியே ஏறி உட்கார்ந்துகொண்டேன். வண்டியில் நிற்கக்கூட இடமில்லை, எல்லாம் நான் சாவதைக் கேட்க வந்தவர்கள். முதல் வளைவு தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கதையில் மட்டும் பேசுகிற பேச்சில், “அன்று மாலை மதியா விறகு பொறுக்கக் காட்டுக்குப் போனாள்” என்று தொடங்கினார்.

“போவல” என்றேன் பின்னாலிருந்து. “வூட்ல வெறகு இருந்துச்சு.”

“இல்ல” என்றார்.

“வெறகு இல்லாம களி எப்பிடித் தீஞ்சுது?”

வண்டி யோசித்தது. ராணியம்மாள், “அதும் நாயந்தான” என்றார். இவர் விடவில்லை, பாம்பை வீட்டுக்கே அனுப்பினார். வாசலில் கோழி கத்தி, மதியா கட்டையால் ஒரே போடு போட்டாள். காய்ச்சலை அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். காட்டாற்று வெள்ளத்தை அனுப்பினார். மரத்தில் ஏறிக்கொண்டாள். மரத்தில் இடி விழப் பார்த்தது, அதற்குள் இறங்கி வீட்டுக்கு வந்து விளக்கு வைத்துவிட்டாள். மேலே வந்து சேரும்போது மதியா முன்னைவிடத் தெம்பாக இருந்தாள். இடதுபலகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து இடதுபலகை மதியா கட்சி, வலதுபலகை காவியா கட்சி. தெரியாமல் மாற்றி உட்கார்ந்த ஒரு மனுஷனை எழுப்பி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

தினமும் போகத் தொடங்கினேன். உயிர் காப்பாற்றத்தான், வேறொன்றுமில்லை. ஒருநாள் வலதுபலகையிலிருந்து கருப்பன் கேட்டார்: “எல்லாம் சரிம்மா, களி ஏன் தீஞ்சுது? அதுக்கு பதில் சொல்லு.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “களி கிண்டினு இருக்கசொல்ல, ரோட்டுலருந்து பூபதி கூப்பிட்டான். டயரு பஞ்சரு, ஓடியான்னான். அப்பிடியே போட்டுட்டு ஓடுனா. மழையில நனைஞ்சுகினு நின்னா. வந்து பாத்தா களி அடிபுடிச்சிருச்சு. மேல இருந்ததத் தட்டுல அவனுக்குப் போட்டா. அடியில தீஞ்சத இவ தின்னா. அவன் வாசனைய மட்டும் புடிச்சுகினு ஊரெல்லாம் சொல்லினு கீறான்.” ராணியம்மாள் மூக்கைச் சிந்தினார். வலதுபலகையிலேயே ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

அய்யா, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அன்றைக்குப் பஞ்சரும் இல்லை, மழையும் இல்லை. நான் எங்கள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், அதனால் தீய்ந்தது. ஆனால் சொல்லச் சொல்ல மழை எனக்கே முதுகில் இறங்கியது. அந்தத் தீய்ந்த களியின் கசப்பு நாக்கில் வந்தது. மதியாவை நினைத்து நானே அழுதேன். இது இன்னா வியாதி என்று உங்களுக்குத்தான் தெரியும், அதனால் கேட்கிறேன்.

போன வாரம் மழைக்குப் பாதையின் குறுக்கே மரம் விழுந்துவிட்டது. மத்தியானம். முன்னும் போக முடியாது, பின்னும் திரும்ப முடியாது. எல்லோரும் இறங்கி நின்றோம். இனிமேல் தள்ளிப்போட முடியாது, இந்தக் கதை யாருடையது என்று இங்கேயே முடிவு தெரிய வேண்டும் என்று கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இவர் விழுந்த மரத்தின் மேல் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இது என் கத. ஆசிரியரு என்னத்தான் எழுதச் சொன்னாரு. அவள இல்ல” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் கட்சி ஆளான கருப்பன்தான் அப்போது மெதுவாகக் கேட்டார்.

“சிங்காரம், கோச்சுக்காத. காவியா, காவியான்றோமே, அந்தப் பொண்ணு இதுவரைக்கும் இன்னா பேசுனா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் வர்ல.”

எல்லோரும் யோசித்தார்கள். கூந்தல் ஞாபகம் வந்தது, மச்சம் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தைகூட யாருக்கும் வரவில்லை. “மதியா பேசுனது?” என்றார் கருப்பன். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். “‘வண்டிக்கு டீசல் ஊத்தத் தெர்து, வூட்டுக்கு எண்ண வாங்கத் தெர்லயா?’” என்றது ஒரு குரல். “‘ஊருக்கெல்லாம் ஆரன் அடிக்கிற, வூட்டாண்ட வந்தா மட்டும் ஊமையா?’” என்றது இன்னொன்று. ராணியம்மாள், “‘நான் செத்தா அழுவாத, அதுக்கும் நான்தான் துணி துவைக்கணும்’” என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் நான் வீட்டில் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் நான் சொன்னது.

என் வீட்டுக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். “நான் இன்னா பண்றது? காவியாவுக்குப் பேச்சு குடுக்கலாம்னு உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. அவ எப்பிடிப் பேசுவான்னு எனக்குத் தெரில. காதுல கேக்குறதெல்லாம் இவ கொரலு மட்டுந்தான். அத எழுதுனா கத ஓடுது. அத வுட்டா நின்னு பூடுது.”

கல்யாணமான நாளிலிருந்து, இந்த மனுஷன் நான் பேசுவதைக் காதிலேயே வாங்குவதில்லை என்று நினைத்திருந்தேன் அய்யா. சுவரோடு பேசுகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். மூச்சு எங்கே விடுகிறேன், எந்த இடத்தில் குரல் உயருகிறது, எல்லாம் வைத்திருக்கிறார். நல்லவேளை மழை, என் முகத்தில் ஓடினது எது என்று யாருக்கும் தெரியாது. நான் போய் அந்த மரத்தின் மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு ராணியம்மாள் சொன்னார்: “பொண்டாட்டிய ரசிச்சது போதும், எந்திரிச்சு ஆளுக்கொரு கை புடிங்க, மரத்த நவுத்தணும்.”

இதோடு எல்லாம் சுபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகுதான் பேஜாரே. இப்போது வீட்டில் நான் நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை. முந்தாநாள் ஆடு அவர் எழுதி வைத்திருந்த தாளையெல்லாம் தின்றுவிட்டது, கயிறு கட்டாமல் விட்டது அவர்தான். நானும் அடிவயிற்றிலிருந்து எடுத்துத் திட்டினேன். மனுஷன் பேனாவைத் திறந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டே, “இரு இரு, ‘எருமை’க்கு அப்புறம் இன்னா சொன்ன?” என்கிறார். கோபத்தைத் திரும்பச் சொன்னால் அது கோபமா? சரி, வாயையே திறக்க வேண்டாம் என்று ஒருநாள் இருந்து பார்த்தேன். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நதியா, ரெண்டு வார்த்த திட்டேன், கத அங்கயே நிக்குது” என்று கெஞ்சுகிறார். ஊர்ப் பெண்கள் வேறு வாசலில் வந்து நிற்கிறார்கள், “எங்க வூட்டு ஆளையும் மதியா நாலு கேள்வி கேக்கட்டும்” என்று. ஆண்கள் அவரைத் தனியாக ஓரங்கட்டி, தங்கள் பெயரை மட்டும் விட்டுவிடச் சொல்கிறார்கள். மணிவேல் வண்டியில் ஈ ஏறவில்லை, அவரும் பேய்க் கதை ஒன்று தொடங்கப்போவதாகக் கேள்வி. அறுக்க வேண்டிய சாமை அப்படியே நிற்கிறது. களியும் இப்போது மெய்யாலுமே தினம் தீய்கிறது.

ஆகவே அய்யா அவர்கள் இந்த ஏழையின் மேல் இரக்கம் வைத்து, என் வீட்டுக்காரருக்கு உடனே ஒரு வரி எழுத வேண்டும். ‘இதுவரை எழுதியது போதும், இனி வண்டியை ஓட்டவும்’ என்று எழுதினால் போதும். அவர் நான் சொன்னால் எழுதிக்கொள்வார், நீங்கள் சொன்னால்தான் கேட்பார். உங்கள் இதழ் நூறு வருஷம் நன்றாக ஓடட்டும், எங்கள் மலைப்பாதையில் மட்டும் ஓடாமல் இருக்கட்டும். அம்மாவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அடுத்த பலாப்பழக் காலத்தில் மலைக்கு வந்தால் சுளை உரித்துத் தருகிறேன். நீங்கள் வாசிக்கிற ஆசிரியராக வராமல், சாப்பிடுகிற விருந்தாளியாக வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சி. நதியா

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட இன்று காலை ஜீப்பில் ஏறினேன். மழையில் நனைந்து இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச்சு வரவில்லை. இரண்டு பலகையும் சேர்ந்து, “நீயே சொல்லு நதியா” என்றார்கள். காவியாவைச் செங்கத்துக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவள் முதன்முதலாக ஏதோ பேச வாயெடுத்தாள். அதற்குள் செத்துவிட்டாள். எப்படி என்று எனக்கே தெரியவில்லை, வாய் போன போக்கில் போய்விட்டது. வண்டி முழுக்க அழுகை. கருப்பன் பாதி வழியில் இறங்கி நடந்துவிட்டார். ராணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அந்தக் கட்டின தொண்டையோடு, “ஏன்டி, அவ உனக்கு இன்னா பண்ணா?” என்று மட்டும் கேட்டார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர்களைக் கதையில் திரும்பக் கொண்டுவர உங்கள் தொழிலில் கட்டாயம் ஏதாவது வழி இருக்கும். வருகிற சந்தைக்குள் எனக்குச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, போன் பண்ணுங்கள். சிக்னல் கிடைக்காது, விடாமல் பண்ணுங்கள்.